ஏழாம் நம்பர் ஷட்டர்

முழுசாய் ஏற்றித்தான் இருக்கிறது.
தண்ணீர் மட்டும் அந்தப் பக்கம் போகவில்லை.

காலையிலிருந்து கடைமடைக்காரர்கள் நாலு போன்.
நாலாவது, சிவபாக்கியம்:
"நாத்தங்கால் வெடிச்சுக் கெடக்கு
லஸ்கர் வேலைக்குச் சம்பளம் வாங்குறியா
தூங்குறதுக்கா?"

பக்கிரிசாமி கைலியை மடித்துக் கட்டி இறங்கினார்.
வெங்காயத்தாமரை என்றுதான் நினைத்தோம்.
துறட்டியில் முதலில் வந்தது ஒரு லெகிங்ஸ்.
அதன் காலைப் பிடித்துக்கொண்டு இன்னொரு லெகிங்ஸ்.
நைட்டி.
புலி உறுமுகிற டீசர்ட்.
எலாஸ்டிக் மட்டும் மிஞ்சிய ஏதோ ஒன்று.
சேறு கைநுழைத்து, கழுத்து நுழைத்து
எல்லாவற்றையும் ஒருமுறை
உடுத்திப் பார்த்திருந்தது.

இழுக்க இழுக்கக் கரையில்
ஆளில்லாத ஒரு கூட்டம்
ஒருவர் மேல் ஒருவராய்ப் படுத்திருந்தது.

ஒரு சட்டைக் கழுத்தில் சீட்டு இன்னும் இருந்தது:
நூறு சதவீதம் பாலியெஸ்டர்
தனியாகத் துவைக்கவும்
நிழலில் உலர்த்தவும்.
எந்தப் பாலத்திலிருந்து விழுந்ததோ
அங்கிருந்து ஆறு
துவைத்துக்கொண்டேதான் வந்திருக்கிறது.
சாயம் போய்விட்டது. எழுத்து போகவில்லை.
போன சாயம் எங்கே போனது என்று
பக்கிரிசாமி கேட்கவில்லை.
கணுக்காலைச் சொறிந்துகொண்டிருந்தார்.

பேன்ட் பைக்குள் ஒரு கெளுத்தி.
உயிரோடுதான்.
செவுளில் ஊதா நூல்.
பிய்த்துப் பார்த்தார், வரவில்லை
அப்படியே விட்டார்.

அடியில் கிடந்தது அந்தக் கட்டம் போட்ட சட்டை.
மன்னார்குடியில், மூன்று எடுத்தால் ஐந்நூறு.
நாலு சலவையில் தோள் பிரிந்து
மாசிமகத்தன்று மேல்பாலத்தில் நின்று
ஆற்றோடு போகட்டும் என்று
விட்டெறிந்தேனே.
என்னுடையதாக இருக்காது.
ஒரே கட்டத்தை ஊருக்கெல்லாம் அடிக்கிறார்கள்.
ஆனாலும்
பக்கிரிசாமி பீடி பற்றவைக்கத் திரும்பிய நேரத்தில்
மூன்றாம் பொத்தானுக்குப் பதில் நான் குத்திய ஊக்கு
இருக்கிறதா என்று தடவினேன்.
துணியில் துருக்கறை மாதிரி ஒன்று.
சேறாகவும் இருக்கலாம்.

"கொளுத்திடலாமா?"
"இது எரியாது தம்பி, உருகும்.
போன வருசம் கொளுத்துனது
கல்லாட்டம் அங்கயே கெடக்கு பாரு."

பொழுது சாய, ஒரு விக்கலோடு
மதகு விழுங்கத் தொடங்கியது.

ராத்திரி எட்டுக்கு மறுபடி சிவபாக்கியம்:
"வந்துருச்சுய்யா. நல்லாயிரு.
என்னமோ நுரைச்சுக்கிட்டு வருது,
வரட்டும்."

போனை வைத்தேன்.
பாதிக் குவியலை நாய்கள் கலைத்திருந்தன.
மீதி, காற்றில் லேசாய் எழுந்து உட்கார்ந்தது.
போட்டிருந்த சட்டை
வேர்வையைக் குடிக்காமல்
முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது.