சதுர சென்டிமீட்டருக்கு இரண்டு மில்லிகிராம்

பத்து லட்சம் ஒளித்துகள்களை அனுப்பியிருக்கிறேன்.
காலை ஒன்பதுக்குப் போனவை, இன்னும் திரும்பவில்லை.
கணினிக்குள் விசிறி இரைகிறது.
புவன விஸ்தாவில், ஐந்தாம் மாடியில்,
குளிருக்குச் சால்வை போர்த்திக்கொண்டு
வெயிலோடு மல்லுக்கட்டுகிறவள் நான்.

முறை எளிது. சூதாட்டத்துக்குப் பேர்போன
ஓர் ஊரின் பெயர் அதற்கு.
களிம்புக்குள் நுழையும் ஒவ்வொரு துகளும்
தாயம் உருட்டுகிறது:
துத்தநாகத் துணுக்கில் மோதித் திரும்பவா,
எண்ணெயில் சூடாகி ஒழியவா,
இல்லை, தப்பித்துக் கீழிறங்கி
ஏதோ ஓர் உயிரணுவின் முறுக்கேணியில்
ஒரு படியை முறிக்கவா.

முப்பதில் ஒன்றுதான் தப்பும்
என்கிறது புட்டியின் மேல் எண்.
அது தாராளமாகப் பூசுகிறவருக்கு:
சதுர சென்டிமீட்டருக்கு இரண்டு மில்லிகிராம்,
எங்கும் ஒரே கனம்.
அப்படிப் பூசிய மனிதரை
நான் கணினியில் மட்டுமே பார்த்திருக்கிறேன்.

நான் கட்டிய தோல் ஆறு மில்லிமீட்டர் சதுரம்.
ஈஸ்ட் கோஸ்ட் மணலில் அலை விட்டுப்போகும் வரிகள்போல
மேடும் பள்ளமும் வைத்தேன்.
ஒரு வியர்வைத் துளை. மயிர் இல்லை.
களிம்பு பள்ளத்தில் தேங்கும்,
மேட்டில் மெலியும், ஓட்டை அங்கேதான்.
சராசரி மட்டும் பிரமாதமாக வரும்.

நிறங்கள் ஆறு வகை.
முதலிரண்டுக்கு அளவுகள் நூற்றுக்கணக்கில்,
ஐந்தாவதற்கு மூன்றே மூன்று.
முழங்கையை நீட்டினேன் அளவியின் கீழ்.
சியாவ் யென் பொத்தானை அழுத்தினாள்.
இப்போது நான்கு.

பன்னிரண்டரை மணி.
எதிர்ப் புளோக்கின் கூரையில்
சூரியத் தகடு பதிக்கிறார்கள் நான்கு பேர்.
தகடு விழுங்கப் பார்ப்பதும்
நான் விரட்டப் பார்ப்பதும்
ஒரே வெயிலின் வேறு வேறு துண்டு.

சாப்பாட்டுக் கடை வரிசையில் எனக்கு முன்னால்
அவர்களில் ஒருவர், அங்குராசு.
களிம்பு பூசுவீங்களா என்று கேட்டேன்.
"டப்பா குடுத்தாங்கக்கா.
கண்ணுல வழியுது. கையெல்லாம் வழுக்குது, ஸ்க்ரூ நிக்கமாட்டேங்குது."
கழுத்திலிருந்து துண்டை உருவிக் காட்டினார்,
நீலக் கட்டம், வெளுத்தது.
"தேக்காவுல ரெண்டு வெள்ளி. நனைச்சுக் கட்டிக்கிட்டா
ஒரு அரைமணி ஓடும்."

மேசைக்குத் திரும்பி
துண்டை நூல் நூலாக எழுதினேன்.
பாவு, ஊடு, இடைவெளி.
களிம்பை இரண்டிலிருந்து அரை மில்லிகிராமாகக் குறைத்தேன்,
வியர்வையைத் திறந்துவிட்டேன்.
மறுபடி பத்து லட்சம்.

நாலரைக்கு முடிவு வந்தது.
காய்ந்த துண்டு, இரண்டாய் மடித்தது:
களிம்பைத் தோற்கடித்துவிட்டது, அதுவும் எளிதாக.
நனைந்த துண்டு, ஒற்றையாய்:
நூல்களுக்கிடையே நீர் நிறைந்து
ஒளிக்கு வழிவிட்டிருந்தது.

ஜன்னலுக்கு வந்தேன்.
அவர் புட்டியைக் கவிழ்த்துத்
தலைத்துண்டில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.
கண்ணை மூடியிருந்தார், ஐந்து நொடி இருக்கும்.
வெக்கை என்று ஒரு மாறி
என் நிரலில் எந்த வரியிலும் இல்லை.

நாளை வரிசையில் பார்த்தால் சொல்வேன்,
மடிச்சுக் கட்டுங்க, ரெண்டா.
நனைப்பது பற்றி
வாய் திறக்கப்போவதில்லை.