ஆயாசம்

செவ்வாய் இரவு எட்டு மணி, இதய ஒலி வகுப்பு.
பள்ளிப்பட்டு ஆரம்ப சுகாதார நிலையத்தில்
மருந்துக் கிடங்குக்குள் மட்டும் ஒரு கோடு சிக்னல்.
ஓ.ஆர்.எஸ். பெட்டிமேல் சாய்த்துவைத்த போன்
அடிக்கடி நகரி டவரைப் பிடித்துக்கொண்டு
ஆந்திராவுக்கு நல்வரவு என்று தெலுங்கில் சொல்லும்.

சென்னையிலிருந்து ஜெசிந்தா மேடம்
மைட்ரல் வால்வு சுருங்கிய ஒரு நெஞ்சை
எங்கள் நாற்பது பேருக்கும் போட்டுக்காட்டினார்.
எனக்கு வந்தது வெறும் அமைதி.
கெட்டிக்காரச் செயலி அது:
பேச்சு அல்லாததையெல்லாம் இரைச்சலென்று
துடைத்துவிட்டு அனுப்பும்.
இதயம் பேச்சில்லை போலும்.

மிச்சத்தை விசைத்தறிகள் பார்த்துக்கொண்டன.
சுவருக்கு அந்தப் பக்கம் பதினாறு தறி.
லப்புக்கும் டப்புக்கும் நடுவே ஏதோ இருக்கிறதாம்;
எனக்கு அந்த நடுவில்
யாருக்கோ ஒரு லுங்கி தயாராகிக்கொண்டிருந்தது.

'ஆடியோ வருதா?' என்றார் மேடம்.
எல்லோரும் கட்டைவிரல் போட்டார்கள்.
நானும் போட்டேன்.

அப்போதுதான் சௌடம்மா வந்தாள்,
தார் சுற்றுகிறவள், முப்பத்தொரு வயது,
புடவையெல்லாம் பஞ்சு.
'ஆயாசம்' என்றாள்.
சீட்டில் களைப்பு என்று எழுதினேன்.
சிஸ்டர் ரமாதேவி எட்டிப் பார்த்தார்:
'அது நம்ம ஆயாசம், டாக்டர்.
அவங்க ஆயாசம் மூச்சு வாங்குறது.'
அடித்துவிட்டு எழுதினேன்.
எத்தனை தலையணை வைத்துத் தூங்குகிறாள், கேளுங்கள்.
தலையணை ஏது?
ஆடியிலிருந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்குகிறாளாம்.

கரண்ட் போனது.
மேடம் வாய் திறந்தபடி திரையில் நின்றார்.
பதினாறும் ஒரே மூச்சில் அடங்கின.
இந்த ஊர் சும்மா இருந்து நான் கேட்டதேயில்லை.

சிஸ்டர் டார்ச் பிடிக்க, இடப்பக்கம் ஒருக்களிக்கச் சொல்லி
ஸ்டெத்தின் கிண்ணப் பக்கத்தை அழுத்தாமல் வைத்தேன்.
மூச்சை விட்டுப் பிடி.
விடு.
இன்னொரு தரம்.

இருந்தது.
டப்புக்குப் பிறகு ஒரு சின்னச் சொடுக்கு,
அதன் பின்னால், வெகு தாழ்வாக,
நெல் லாரி ஒன்று நகரி மேட்டில்
இரண்டாவது கியரில் ஏறுகிற மாதிரி.

'ஏம் வினபடதா உந்தி?' என்றாள் சௌடம்மா.
சிஸ்டர் மொழிபெயர்க்கவில்லை. தேவைப்படவுமில்லை.
என்ன சொல்வதென்றுதான் தெரியவில்லை.

லாசிக்ஸ் ஏற்றி முடிப்பதற்குள் கரண்ட் வந்தது,
தறிகள் வந்தன, மேடம் வந்தார்.
அடுத்த படம்: உடனே எக்கோ எடுக்கவும்.
என் கட்டைவிரல் இன்னும் திரை ஓரத்தில் நின்றது.

எக்கோ திருவள்ளூரில் உண்டு, திருப்பதியிலும்.
காப்பீட்டு அட்டை எந்தப் பக்கத்தது என்று
சௌடம்மாவின் மஞ்சள் பையை
சிஸ்டர் துழாவிக்கொண்டிருந்தார்.