மூன்றாம் தடத்தில் ஓர் இரைச்சல்

உட்துறைமுக வீதியில்
ஐஸ் பக்டரிக்கு முதுகு காட்டி நிற்கிற அறை.
முன்பு டயர் அடுக்கியிருந்தார்கள்.
சுவரெல்லாம் பழைய மெத்தை அறைந்து
ஸ்டூடியோ என்று பெயர் வைத்தேன்.
நாற்றம் இன்னும் டயருடையதுதான்.

சுகிர்தா ஒன்பது பாட்டோடு வந்தாள்.
"கச்சேரியில் வேலை" என்றாள்,
காணிக் கோவைகள் தூக்குகிற கச்சேரி.
பேஸ் கித்தாரைத் துடைத்துக்கொண்டே
மெல்ரோய் சிரித்தான்.

கடற்காற்றில் கம்பிகள் வாரத்துக்கு ஒருமுறை துருப்பிடித்தன.
றிஸ்கான் ட்ரம்ஸை விட்டு உடுக்கை எடுத்தான்.
ஈரத்தில் தோல் தொய்ந்தால்
அயன்பெட்டியை நிமிர்த்தி வைத்து அதன் சூட்டில் காட்டுவான்.
இரண்டாம் பாட்டின் நடுவில்
உடுக்கு மெல்ல இறங்கி அழுவது
கலை அல்ல,
அயன்பெட்டி ஆறிவிட்டது.

ஒன்று மட்டும் தீரவில்லை:
சுவருக்கு அப்பால் கொம்பிரசர்.
மெத்தை தடுக்கவில்லை,
கதவடியில் செருகிய என் சாரமும் தடுக்கவில்லை.
மூன்றாம் தடத்தில்
அவளுடைய ஒவ்வொரு மூச்சுக்கும் இடையில்
ம்ம்ம்ம்
யாரோ சம்மதிப்பது போல.

போயா நாளுக்குக் காத்திருந்தோம்.
பக்டரி மூடியது.
அந்த அமைதியில்
என் கைக்கடிகாரத்தைக் கழற்றி வெளியே வைக்கவேண்டி வந்தது.
ஆறாவது பாட்டு, மூதூர் லாஞ்சியின் பாட்டு:
இறங்கினவர்களை எண்ணினேன், எண்ணினேன்,
எனக்குக் கணக்கு வராது.
தொடங்கினாள். நின்றாள்.
மறுபடி தொடங்கினாள்.
"சுருதி எங்க போச்சு?"

மூன்று மாத ஒத்திகையில்
ஒன்பது பாட்டையும் அந்த எந்திரத்தின் மேல்தான்
சாய்த்து வைத்திருக்கிறாள்.
அவளுக்கே அன்றுதான் தெரிந்தது.

ஐந்தாவது டேக்கில்
தாளம் நிற்கிற இடத்தில்
தாளில் இல்லாத ஒரு பெயரைச் சொன்னாள்.
பாடவில்லை, கூப்பிட்டாள்,
படலையில் நின்றுகொண்டு
உள்ளே இருக்கிறவரைக் கூப்பிடுவது போல.
றிஸ்கானின் விரல் தோலைத் தொடாமல் நின்றது.
வெளியே குப்பை கிளறிய மான் ஒன்று
தாரில் குளம்பு தட்டி ஓடியது.
அதுவும் பதிவாகியிருக்கிறது.

ஹெட்போனில் முழுவதும் கேட்டாள்.
"இதை அழிச்சுவிடுங்கோ."
மிச்சக் காசு எண்ணித் தருகிற குரல்.

மறுநாள் பக்டரி ஓடியது.
அந்த ம்ம்ம்மின் மேல் ஏறி நின்று
ஒரே டேக்கில் முடித்தாள்.
பெயர் இருந்த இடத்தில்
எந்திரம் மட்டும், இரண்டு மாத்திரை.
கொழும்பிலிருந்து ஒருவர் எழுதிக் கேட்டார்,
அங்கே வாசித்தது என்ன வாத்தியம் என்று.

அட்டையில் நன்றி சொன்னோம்
ஐஸ் பக்டரி முதலாளிக்கும்.
ஏனென்று அவருக்கு விளங்கவில்லை.
இருந்தும் இரண்டு இறுவட்டு வாங்கினார்,
ஒன்றுக்குக் காசு தந்தார்.

அழிக்கச் சொன்னதை நான் அழிக்கவில்லை.
ஒலி அடைத்து, கோப்பின் கடைசியில்,
சாம்பல் நிறத்தில் ஒரு சிறு மேடு.
பக்கத்தில் நான்கு குளம்படி.
மின்வெட்டு என்று அறிவித்தால்
முதலில் அதைத்தான் பிரதி எடுக்கிறேன்.
போட்டுக் கேட்டதில்லை.