தொடர்புக்கு

ஏழு மாதம். மூன்று விசாரிப்பு.
ஒன்று கொழும்பிலிருந்து
கடன் அட்டை விற்க வந்தவன்.
இன்னொன்று நானே,
வேலை செய்கிறதா என்று அனுப்பிப் பார்த்தது.
மூன்றாமவர் தப்பான நம்பர்.

தலவாக்கலை பஸ் நிலையத்துக்கு எதிரே
கொத்துரொட்டிக் கடை மாடியில் என் ஸ்டூடியோ.
தகரத் தட்டின் தாளத்துக்குத்தான்
இங்கே மாப்பிள்ளைகள் சிரிப்பார்கள்.

அஸ்மியா லேப்டாப்பைத் திறந்து
முன்பின் தெரியாத ஆள் போல
என் பக்கத்தை மேலிருந்து கீழே வாசித்தாள்.
பெயர். மின்னஞ்சல். மறுபடியும் மின்னஞ்சல்.
வீதி இலக்கம். வீதியின் பெயர்.
விழாவின் தன்மை. உத்தேச வரவுசெலவு.
பதினொரு கட்டம். ஒவ்வொன்றின் தலையிலும்
ஒரு சிவப்பு நட்சத்திரம்.
"இது பேங்க் லோனுக்கா, படம் எடுக்கவா?" என்றாள்.

நான் பிறந்த வீட்டை அதில் எழுதிப் பார்த்தேன்:
ஐந்தாம் லயம், எட்டாம் காம்பரா, கீழ்ப்பிரிவு.
வீதியின் பெயர் தேவை என்றது.
லயத்துக்கு ஏது வீதி?
மூன்று முறை அழுத்தினேன்.
மூன்று முறையும் என்னை
வெளியே நிறுத்தியது
நான் காசு கொடுத்துச் செய்வித்த கதவு.

அன்று மாலை முழுக்கக் களை பிடுங்கினோம்.
வீதி போனது. வரவுசெலவு போனது.
கல்யாணம், பூப்புனித நீராட்டு, பிறந்தநாள், தேர்,
கடைசியில் 'மற்றவை'.
அதையும் எடுக்கப் போனாள்.
கிடக்கட்டும் என்றேன், ஏனென்று தெரியாமல்.

விலையைப் போடு என்றாள். கூசியது.
"வெல தெரியாத கடைக்குள்ள யாரு ஏறுவா?
செருப்பக் கழட்டிட்டு வாசல்லயே நிப்பாங்க."
போட்டேன். அரைநாளுக்கு இவ்வளவு,
பஸ் போகாத தோட்டமென்றால் ஆட்டோ தனி.
எழுதக் கஷ்டமானவர்களுக்கு
குரலில் சொல்ல ஒரு பொத்தான்.

உச்சியில் இருந்த மூடுபனிப் படத்தைத் தட்டினாள்:
"இந்த மலகிட்ட யாரு பேசுவா? ஒன் மொகத்தப் போடு."
பதினாறு வருஷமாய் ஊரையே எடுத்தவளிடம்
அடையாள அட்டையில் இருப்பதைத் தவிர
தன் முகம் இல்லை.
கீழே கொத்துப் போடும் டெரன்ஸ்
கையைத் துடைத்துக்கொண்டு ஏறி வந்தான்.
"நாடியக் கொஞ்சம் தூக்குங்க" என்றான்.
அது என் வசனம்.
லேசாய் ஆடிய படம். ஓரத்தில் அவன் விரல்.
அதையே போட்டோம்.

பத்து நாள் ஒன்றுமில்லை.
பதினோராம் இரவு, மழைக்குள்ளிருந்து:
"அக்கா, ஜெபசீலி பேசுறேன்.
தண்ணித் தொட்டிகிட்ட நிக்கிறேன், இங்கதான் சிக்னல்.
கலியாணம் இல்லக்கா.
எங்க காம்பரா செவுரு வெடிச்சிருச்சு.
கச்சேரியில படம் கேக்குறாங்க,
போன்ல எடுத்தா கறுப்பா விழுது.
மத்தவைன்னு போட்டிருந்திச்சு, அதான்..."
அத்தோடு அறுந்தது.

போனேன்.
சாமி மாடத்திலிருந்து நிலைப்படி வரை
மின்னல் ஒன்று இறங்கி நின்றுவிட்டது மாதிரி.
அகலம் தெரியட்டும் என்று சீப்பைச் செருகினாள்.
சீப்பு உள்ளே போய்விட்டது.
அவள் மகன் தன் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையைக்
கதவோரம் விரித்துப் பிடித்தான்,
வெளிச்சம் திரும்பிச் சுவரில் விழ.
என் வாழ்க்கையில் இத்தனை கூர்மையாய்
எந்த மணப்பெண்ணையும் எடுத்ததில்லை.

அரைநாள் விலையை வாசித்திருக்கிறாள்.
பிஸ்கட் டின்னில் எண்ணி வைத்திருந்தாள்.
பாதியை எடுத்துக்கொண்டேன்.
முழுதும் வேண்டாமென்று சொல்ல ஆசைதான்;
மாடிக்கு வாடகை இருக்கிறது.

அதற்குப் பிறகு இரண்டு கல்யாணம், ஆறு சுவர்.
நேற்று ஒரு குரல் வந்தது, ஆளில்லாமல்:
தொட்டி நிரம்பி வழிகிற சத்தம், காற்று,
யாரோ மூச்சை இழுத்து
பேசத் தொடங்கப் போவது வரை.
திருப்பி அழைத்தேன், எடுக்கவில்லை.
நாலாவது தரம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.