லாச்சி

வெள்ளி பின்னேரம் பிரதேச சபை ட்ராக்டர்
ஒழுங்கைக்குள் வந்து கத்திவிட்டுப் போனது:
நாளைக்கு மின்கழிவு மட்டும்,
குப்பையோடு கலவாதீர்.

நான் லாச்சியை இழுத்தேன்.
அரைவாசியில் இறுகி நின்றது.
முழங்காலை முண்டுகொடுத்து இழுக்க
பஸ் பிரேக் போட்டதுபோல
உள்ளே இருந்த சனம் எல்லாம் முன்னுக்குச் சரிந்தது.

வயர்ச் சிக்கு.
எந்தப் போனுக்கு எந்தச் சாஜர் என்று
வாங்கியவருக்கே மறந்த வயர்கள்.
ஸ்கார்பரோவிலிருந்து கிருபாகரி மச்சாள்
"ஆறு மாசம்தான் பாவிச்சது" என்று தந்த போன்.
அதற்கு முன்வருடம் தந்தது.
அதற்கும் முன்வருடம் தந்தது,
கண்ணாடியில் சிலந்திவலை.
சொக்லேற்றுக்கும் கோடாலித் தைலத்துக்கும் நடுவே
காலுறைக்குள் சுருண்டு வந்தவை.
அங்கே எறிவதற்கும் ஒரு முறை இருக்கிறதாம்.
இங்கே வந்து சேர்ந்தால் அதற்குப் பெயர் பாசம்.

வயிறு உப்பிய பற்றரி ஒன்று, பொரித்த அப்பளம்போல.
ரிமோட் நாலு, ரீவி இல்லை.
இவர் ஒவ்வொன்றாய்த் தூக்கிப் பார்த்து
"உது திருத்தலாம்" என்கிறார்.
ஒன்பது வருடமாகத் திருத்தலாம்.

பற்றரிகளை மட்டும் புறம்பாக எண்ணினேன்.
சிறிதும் பெரிதுமாய் முப்பத்தேழு.

அப்போதுதான் நினைவு வந்தது, முப்பத்தொன்பது.

தொண்ணூற்றாறு. எனக்குப் பத்து வயது.
சோதனைக்கு வருகிறார்கள் என்று
அப்பா ரோச்சுக்குள் இருந்த இரண்டையும் கழற்றி
பொலித்தீனில் சுற்றி
வாழைக்கிடங்கில் தாட்டார்.
வந்தார்கள். மெத்தையைக் கிழித்தார்கள். போனார்கள்.
பிறகு தடை போனது, கரண்ட் வந்தது,
அப்பாவும் போனார்.
கிண்டி எடுக்க ஒருவருக்கும் எண்ணம் வரவில்லை.
பயந்து தாட்டதைப்
பயம் போனபின் யார் தேடுகிறார்கள்.

எங்களுக்கு ஆறு இல்லை.
செம்பாட்டுக்குக் கீழே சுண்ணக்கல்,
கல்லுக்குள் பொந்து, பொந்துக்குள் தண்ணி.
மேலே ஊற்றினது கீழே இறங்கும்.
கீழே இறங்கினது வாளியில் ஏறும்.
உரும்பிராயில் இதைச் சின்னப்பிள்ளையும் சொல்லும்.
சொல்லிக்கொண்டே தாட்கிறோம்.

சனி விடிய அலவாங்கோடு போனேன்.
மதிலுக்கு மேலால் கௌசிகா:
"என்ன, நகையோ?"
"பற்றரி."
அவள் சிரிக்கவில்லை.
திரும்பித் தன் தென்னையடியைப் பார்த்தாள்.
போன தைக்கு உடைந்த ரியூப் லைற் மூன்று
அங்கேதான்.

முழங்கை ஆழத்தில் பொலித்தீன் தட்டுப்பட்டது.
அது மட்டும் தாட்ட அன்றுபோலவே இருந்தது.
உள்ளே ஒரு பற்றரி, துரு பிடித்து, பூசணம் பூத்து.
மற்றதன் இடத்தில்
ஒரு கரிக்குச்சியும் கொஞ்சம் கறுப்புச் சேறும்.
மிச்சம் எங்கே என்று நான் கேட்கவில்லை.
கிணறு எட்டு அடி தள்ளி.

ட்ராக்டர்க்காரப் பொடியன் பெட்டியை வாங்கி
கரிக்குச்சியை வெளிச்சத்தில் பிடித்தான்.
"இதென்னக்கா, பென்சிலோ?"
"ஓம்," என்றேன். "ஒருக்கா எழுதினால் அழியாதது."

இரவு மச்சாள் எடுத்தாள்.
நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறாளாம்.
"புதுசு மாத்தினான். என்ர பழசைக் கொண்டுவரட்டோ?"
"வேண்டாம். என்ர போன் நல்லாய்த்தான் கிடக்கு.
கஸ்தூரியார் வீதியில பற்றரி மட்டும் மாத்தினால் காணும்.
கைவீசி வா."
மறுமுனையில் கொஞ்ச நேரம் கடல்.
"கோவமோ?"
"இல்லை. இடமில்லை."

பொய். லாச்சி வெறுமையாய்த்தான் இருந்தது.
மூடப் போனால் ஏதோ உருண்டது.
பின்மூலையில், பத்திரிகைக்குள் சுற்றி,
இவர் ஒளித்த ரேடியோ.

திங்கள் வரைக்கும் தவணை கொடுத்திருக்கிறேன்.
மேசையில் இப்போது
ஸ்குரூ ஆணிகள் ஒரு தேத்தண்ணிச் சோசரில்.
பாடினால் இருக்கட்டும்.