முப்பத்தொன்பது கட்டை

படத்தில் அது நன்றாகத்தான் இருந்தது.
பட்டுத்துணி விரித்து மேலே ஒரு ரோஜா வைத்து
வரனுக்கு அனுப்பும் படம்போல எடுத்திருந்தார்கள்.
கீழே எழுதியிருந்தது:
ஆர்மோனியம். முப்பத்தொன்பது கட்டை.
மூணு செட் ரீடு, பாஸ், ஆண், பெண்.
அசல் பர்மா தேக்கு. ஒரே கை பட்டது.
பதினெட்டாயிரம். பேரம் பேசுவோர் தொல்லை செய்ய வேண்டாம்.

நான் தொல்லை செய்தேன்.
பதினாறாயிரத்து ஐந்நூறுக்கு இறங்கினார் நாவுக்கரசு.
தள்ளி எடுத்த சீட்டுப் பணம்.
எண்ணும்போது எச்சில் தொட்டு எண்ணினார், இரண்டு தரம்.
நான்தான் எதையும் எண்ணவில்லை.

நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் போட்டிருந்தது.
எப்போது போடவில்லை?
மடியில் பெட்டியோடு பஸ்ஸில் உட்கார்ந்து
நிலக்கரி வண்டி ஒன்று முடிவில்லாமல் போவதைப் பார்த்தேன்.
பிறகு பொழுது போகாமல் மூடியைத் திறந்து
கட்டைகளை எண்ணினேன்.
முப்பத்தேழு.
வலமிருந்து இடமாக எண்ணினால் கூடுமோ என்று எண்ணினேன்.
பக்கத்து இருக்கைப் பையனையும் எண்ணச் சொன்னேன்.
கருப்பையும் சேத்தாக்கா? என்றான்.
சேர்த்துத்தான்.
கேட் திறந்துவிட்டது.

மன்னார்குடி வந்து திருகுகளைக் கழற்றினேன்.
ஈர விரலில் பாலிஷ் ஒட்டியது, உள்ளே வெளுத்த மாமரம்.
பாஸ் இருந்தது. ஆண் இருந்தது.
மூன்றாவது வரிசைக்குப் பலகை இருந்தது, துளைகள் இருந்தன,
பித்தளை நாக்கு ஒன்றுகூட இல்லை.

போனில் அவர் குரல் சாப்பாட்டின் நடுவில் இருந்தது.
பெண் ரீடுதானேம்மா?
இருந்தாலும் அது பெரிசா ஒண்ணும் கேக்காது.
அந்த ரெண்டு கட்டை?
அம்புட்டு ஓரத்துக்கு யாரும்மா போறா?

மறுநாள் ஆறரைக்கு
கொள்முதல் நிலையத்தில் பனி இறங்கிக்கொண்டிருந்தது.
நான் அங்கே பட்டியல் எழுத்தர். பருவகாலம் மட்டும்.
தார்ப்பாயை நீக்கி ஒரு பிடி அள்ளி மிஷினில் போட்டேன்.
இருபத்தொன்று புள்ளி நாலு.
பதினேழுக்கு மேல எடுக்க மாட்டாங்க, அண்ணே.
தென்பரைக்காரர், பெயர் உத்திராபதி.
சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துத் துடைத்து
ஒரு படத்தைக் காட்டினார்.
வெயிலில் பொன்னாய்க் குவிந்த நெல்.
மழைக்கு முன்னாடி எடுத்தது, பாருங்க, இதே நெல்லுதான்.
படத்தில் அது நன்றாகத்தான் இருந்தது.

படத்துக்கு ஈரம் பார்க்க மிஷின் இல்லை என்றேன்.
சிரிப்பார் என்று நினைத்தேன்.
மூன்று நாள் ரோட்டில் காயவைத்து
காலால் துழாவித் துழாவிக் கொண்டுவந்தார்.
பதினாறு புள்ளி எட்டு.
தராசில் மூட்டை நாற்பத்தொன்று காட்டியது.
எல்லா மூட்டையும் அப்படித்தான் காட்டும்,
அப்படிக் காட்டும்வரை சுமைக்காரர்கள் அள்ளிப் போடுவார்கள்.
நான் நாற்பது என்று எழுதினேன்.
நாற்பது, நாற்பது, நாற்பது, நாற்பது.
என் கையெழுத்து அழகு என்று எல்லோரும் சொல்வார்கள்.
அவர் சீட்டை வாங்கி, எண்ணாமல், மடித்துக்கொண்டார்.

அன்றைக்கு இரவு நாவுக்கரசை மறுபடி கூப்பிட
எண்ணைத் தேடி எடுத்தேன்.
திட்ட வேண்டிய வார்த்தைகள் வரிசையாய் இருந்தன.
முதல் வார்த்தையிலேயே நின்றுவிட்டேன்.

இப்போதும் அது என்னிடம்தான் இருக்கிறது.
விற்கலாம் என்று ஒருமுறை படம்கூட எடுத்தேன், ரோஜா இல்லாமல்.
முப்பத்து என்று தட்டியதும்
போனே முப்பத்தொன்பது என்று எடுத்துக்கொடுத்தது.
அழித்துவிட்டேன்.

மேல்ஸ்தாயியில் பாட்டு ஓரத்துக்கு ஓடுகிறபோது
விரல் வெறும் மரத்தில் இறங்குகிறது.
அந்த இடத்தை நானே பாடிக்கொள்கிறேன், சுமாராக.
மூன்றாவது ஸ்டாப்பரையும் இழுத்துவிட்டுத்தான் வாசிக்கிறேன்.
ஒரு மூச்சுச் சத்தம் வருகிறது, அவ்வளவுதான்.
காற்று வீணாகிறது.
துருத்தியைக் கூடுதலாக இரண்டு தரம் அடிக்க வேண்டும்.