அன்னாசி வாரம்

அந்தச் செயலி டேனிஷ் பேசும்.
எங்கள் ஃபாரோ மொழி அதற்கு வராது.
அது காட்டும் பழங்களும் எங்கள் தீவில் விளையாதவை.

பத்தொன்பதாம் வாரம் மாம்பழம் என்றது.
ஒரே ஒருமுறை வாங்கியிருக்கிறேன்,
கிளாக்ஸ்விக் கடையில், பிளாஸ்டிக் வலைக்குள்.
கல் மாதிரி இருந்தது. ருசி என்று சொல்ல ஒன்றுமில்லை.
நம் பிள்ளை அப்படியிருக்காது என்றேன் சோல்ருனிடம்.
சிரித்ததில் அவளுக்குக் காபி புரையேறியது.

அதனால் மீனில் கணக்கு வைத்தேன்.
இருபதில் ஹெர்ரிங்.
இருபத்தாறில், இருவர் சாப்பிடப் போதுமான ஹேடாக்.
முப்பதில் இளங்காட், வலைக்கண்ணில் நழுவாத அளவு.
கப்பலேறிய காலையில்
என் கையை இழுத்து வயிற்றில் வைத்துக்கொண்டாள்.
உள்ளே ஒரு வால் திரும்பிப் படுத்தது.

பேரண்ட்ஸ் கடல். மார்ச்.
ஆன்டெனா முழுக்கப் பனிக்கட்டி.
துரோந்துர் ஏறி மரச்சுத்தியலால் அடித்தான்,
அடிக்க அடிக்க மறுபடி உறைந்தது.
வானிலை அறிக்கையும் இல்லை, மீன் விலையும் இல்லை.
செயலிக்கு மட்டும் தேதி தெரியும்.
ஞாயிறு காலை மணியடித்து
முப்பத்து மூன்று, அன்னாசி, என்றது.
சாப்பாட்டு மேசையில் எல்லோருக்கும் காட்டினேன்.
"முள்ளோடேவா?" என்றார் கேப்டன் ஹானுஸ்.
அன்று முழுக்க நான் அன்னாசி அப்பன்.

வியாழன் விடியுமுன் பனி உடைந்து விழுந்தது.
சட்டைக்குள் போன் துடித்தது,
துடித்துக்கொண்டே இருந்தது.

புதியது மேலே, பழையது கீழே. அதன் வழக்கம் அப்படி.

04.10 பால், 22 மி.லி., குழாய் வழி

பாலா? யாருக்கு?

ஈரத்துணி, மஞ்சள்
எடை 1,900
18 மி.லி.
தோலோடு தோல், நாற்பது நிமிடம்
12 மி.லி.
எடை 1,810
கீழே போகப் போக வயது குறைந்தது அவளுக்கு.
5 மி.லி.
முதல் மலம், கறுப்பு
2 மி.லி.
கடைசியில் முழுதும் கரைந்து
ஒற்றை வரியாய் நின்றாள் என் மகள்:
டோர்ஸ்ஹாவ்ன் மருத்துவமனை, 05.37, பெண், 1,940.
விரல்விட்டு எண்ணினேன். நான் அன்னாசியைக் காட்டிய ஞாயிறு
அவளுக்கு ஆறு நாள்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

உதை எண்ணிக்கை
23.00 முதல் 01.00 வரை: மூன்று
01.00 முதல் 02.00 வரை: ஒன்று
02.15: இல்லை
02.20 குறிப்பு: கார் சாவி எங்கே வைத்தாய்

கேள்விக்குறி போடக்கூட நேரமில்லை.
சாவி என் எண்ணெய்ச்சட்டையின் உள்பையில் இருந்தது,
இந்தக் கடல் முழுக்க என்னோடு சுற்றியபடி.
யார் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள் என்று பதிவில் இல்லை.
அதற்கு அந்தச் செயலியில் கட்டம் கிடையாது.

தராசு மேசைக்குப் போனேன்.
ஒவ்வொன்றாய் வைத்து எடுத்தேன்,
முள் ஆயிரத்துத் தொள்ளாயிரத்தில் நிற்கும்வரை.
கையுறையைக் கழற்றிவிட்டு
இரு உள்ளங்கையாலும் ஏந்தினேன்.
அவ்வளவுதான். இவ்வளவுதான்.
துரோந்துர் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை.
பிறகு வெட்கமாகிப்போய் மீனைப் பெட்டியில் போட்டேன்.

போன் இன்னும் காத்திருந்தது:
குழந்தை பிறந்துவிட்டதா? ஆம். இல்லை.
ஆம் மேல் கட்டைவிரலை வைத்தேன். ஏற்கவில்லை.
துடைத்து வைத்தேன். ஏற்கவில்லை.
இருபது வருட உப்பில்
என் ரேகை என்றைக்கோ தேய்ந்துவிட்டது.
குனிந்து, மூக்கு நுனியால் தொட்டேன்.

பழம் போயிற்று.
அடுத்த திரையில் ஒரே ஒரு கட்டம்: பெயர்.
பத்து நாளாய் எல்லாவற்றையும் எழுதியவள்
அதை மட்டும் காலியாக விட்டிருந்தாள்.